தண்டியடிகள் கட்டிய கயிறு
உடற்குறை, மனக்குறை உள்ளோரிடத்து எமது கடமை பற்றிய ஒரு சிந்தனை



இம்முறை எமது கற்கைப் பகுதியில், நாம் அடிக்கடி பேசாமல் விட்டுவிடும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். எமது சமூகத்தில் கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க இயலாதவர்கள், அறிவு வளர்ச்சி தாமதமான பிள்ளைகள், மனநோயினால் வருந்துவோர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் அவர்களைக் காண்பது அரிது. அவர்கள் எங்கே? அவர்கள் வராததற்குக் காரணம் அவர்களுடைய உடலா, எமது படிக்கட்டுகளா, அல்லது எமது வாய்ப்பேச்சா? சைவ மரபு இதைப்பற்றி என்ன சொல்கிறது, நாம் வாழும் இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் நாம் செய்யவேண்டியது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. குளமும் கயிறும்

பெரியபுராணம் கூறும் அறுபத்துமூன்று நாயன்மாருள் தண்டியடிகள் ஒருவர். திருவாரூரிலே பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஆரூர்க் கோயிலின் மேற்புறத்துக் குளம் தூர்ந்து குறுகிப்போனதை அறிந்து, அதைத் தாமே தோண்டி அகலப்படுத்த எண்ணினார். கண் தெரியாத ஒருவர் தோண்டிய மண்ணைக் கூடையில் சுமந்துகொண்டு கரைக்குப் போய்க் கொட்டிவிட்டு மீண்டும் அதே இடத்துக்கு வருவது எப்படி? அவர் குழியில் ஒரு கம்பு நட்டார். கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே போய் வந்து வேலை செய்தார்.

அவரைப் பிடிக்காதவர்கள் வந்து தடுத்தார்கள். கண்தான் இல்லை, காதும் இல்லையோ என்று ஏளனம் செய்தார்கள். ஈற்றில் மண்வெட்டியையும் கூடையையும் பறித்துக்கொண்டார்கள்; நட்ட கம்புகளையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். பின்னர் இறைவன் அருளால் அவருக்குக் கண் கிடைத்ததும், ஏளனம் செய்தவர்கள் பார்வை இழந்ததும் நாம் அறிந்த கதை. புராணம் அவர்களைச் சமணர் என்கிறது. அது அக்காலத்துச் சமயப் பூசல். எந்தச் சமயத்தாரையும் வெறுப்பதற்காக நாம் இக்கதையைப் படிக்கவில்லை.

நாம் பிரசங்கங்களில் கதையின் முடிவையே பெரிதாகச் சொல்லி வந்திருக்கிறோம்: கண் கிடைத்த அற்புதம். ஆனால் அற்புதத்துக்கு முந்திய பகுதியை ஊன்றிப் பாருங்கள். தண்டியடிகள் கண் கிடைக்கட்டும், பிறகு தொண்டு செய்வேன் என்று காத்திருக்கவில்லை. கண் இல்லாத நிலையிலேயே அவர் தொண்டர். அந்த நிலையிலேயே அவர் நாயனார் ஆகும் தகுதி பெற்றவர். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு கம்பும் ஒரு கயிறும். கயிறு இருந்தவரை வேலை நடந்தது. கயிற்றைப் பிடுங்கியவுடன் நின்றுபோயிற்று. கண் முன்னும் இல்லை, பின்னும் இல்லை; மாறியது கயிறு மட்டுமே. அப்படியானால் அவரைத் தடுத்து நிறுத்தியது அவருடைய குருட்டுத்தன்மையா, பிடுங்கியவர்களுடைய கையா?

இன்றைய உலகில் இதை ஒரு கொள்கையாகவே பேசுகிறார்கள். ஒருவருடைய உடலில் உள்ள குறை வேறு. அந்தக் குறையோடு வாழ்வதற்கு இடம் தராத வீடு, தெரு, பாடசாலை, காரியாலயம் ஆகியவற்றால் உண்டாகும் இயலாமை வேறு. 2006 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் அடிப்படை இதுவே. இத்தாலி 2009 இலும் இலங்கை 2016 இலும் இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தன. எமது பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டுமானால் தண்டியடிகளின் கயிற்றைக் காட்டினால் போதும்.

2. முன்வினைப் பயனா?

இனி எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்விக்கு வருவோம். ஒரு வீட்டில் குறையுள்ள பிள்ளை பிறந்தால், "என்ன பாவம் செய்ததோ, என்ன தோஷமோ" என்று ஊர் பேசுகிறது. சைவசித்தாந்தம் வினையை ஏற்கும் சமயம்தானே, ஆகவே அப்படிச் சொல்வதில் என்ன பிழை என்று சிலர் கேட்கலாம்.

சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. சஞ்சிதம் சேர்ந்து கிடப்பது. பிராரத்தம் இப்பிறவியில் நுகர்வதற்காக வந்தது. ஆகாமியம் நாம் இப்பொழுது செய்து இனிமேல் சேர்த்துக்கொள்வது. இதை நன்றாகக் கவனித்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, உடம்பெடுத்த எல்லோரும் பிராரத்தத்தை நுகரவே வந்திருக்கிறோம். குறையில்லாத உடம்பு புண்ணியச் சான்றிதழ் அன்று. செல்வமும் பிராரத்தம், சலரோகமும் பிராரத்தம், புலம்பெயர்வும் பிராரத்தம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மாத்திரம் வினைக்கணக்கு எழுதுவது நேர்மையன்று.

இரண்டாவது, இன்னாருக்கு இன்ன வினையால் இன்ன துன்பம் என்று அறிவது இறைவனுக்கே உரியது. அவனே வினையை ஊட்டுபவன். அந்தக் கணக்கைப் படித்தவர்போல அயல்வீட்டாரைப்பற்றிச் சொல்பவர் தமக்கில்லாத அறிவைத் தமக்கு உண்டென்று சொல்கிறார்.

மூன்றாவதே முக்கியமானது. அந்தப் பிள்ளையின் நிலை அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளையை நாம் நடத்தும் விதம் எமது ஆகாமியம். ஒருவருக்கு வந்த துன்பத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டால் எமது கடமை முடிந்தது என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை. நீரில் விழுந்தவனைக் கரையில் நின்று பார்த்து "அவன் விதி" என்று போகிறவனுக்கும் ஒரு வினை அந்தக் கணத்திலேயே சேர்கிறது.

தண்டியடிகள் புராணத்திலேயே பார்வை இழத்தல் தண்டனையாக வருகிறதே, சுந்தரமூர்த்தி நாயனாரும் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை இழந்தாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சுந்தரர் கதையை முழுவதும் பாருங்கள். திருவெண்பாக்கத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது கண் அன்று, ஊன்றுகோல். பின்னர் காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றக் கண். பார்வையற்று வழிநடந்த காலம் முழுவதும் அவர் தம்பிரான் தோழராகவே இருந்தார். பதிகம் பாடுவதை நிறுத்தவில்லை. எந்தத் தலத்து வாயிலும் அவருக்கு அடைக்கப்படவில்லை. புராணம் ஒருவருடைய வரலாற்றைச் சொல்கிறது. அதிலிருந்து பார்வையற்றவர் எல்லோரும் குற்றவாளிகள் என்று விதி செய்வது எமது வேலை, புராணத்தின் வேலை அன்று.

3. வீட்டுக்குள்ளே

அறம் வீட்டில் தொடங்கவேண்டும் என்போம். வீட்டில் நடப்பதைச் சற்று வெளிப்படையாகப் பேசுவோம்.

ஒளித்து வைத்தல்: மூத்தவளுக்குக் கலியாணம் பேசி வருகிறார்கள் என்றால் இளைய பிள்ளையை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தும் வழக்கம் எம்மிடையே உண்டு. பெற்றோரின் பயம் பொய்யன்று. சம்பந்தம் குழம்பிப்போன வீடுகளும் உண்டு. ஆனால் அறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு அன்று என்ன விளங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். தான் இந்த வீட்டின் வெட்கம் என்பது விளங்குகிறது. ஒளித்துச் செய்த சம்பந்தம் பின்னர் உண்மை தெரியவந்தபோது அந்த மூத்தவளுக்கும் நிம்மதி தருவதில்லை. இதில் பெண் வீட்டாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மாப்பிள்ளை வீட்டார், "அந்தத் தம்பியையும் கூப்பிடுங்கோ, நாங்கள் பார்க்கவேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கதவு திறந்துவிடும்.

பேச்சு: குருடு, செவிடு, நொண்டி, விசர் என்பன எமது வாயில் வசையாகவும் பட்டப்பெயராகவும் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் 2010 அளவில் அரசே "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் வலுவிழந்தோர் என்ற சொல்லும் வழங்குகிறது. இத்தாலியிலும் 2024 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கச் சட்ட ஆணை பழைய சட்டங்களில் இருந்த "அந்திகப்பாத்தோ" என்ற சொல்லை நீக்கி, மாற்றுத்திறன் உடைய ஆள் என்று பொருள்படும் சொல்லை வைத்தது. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது. ஆயினும் ஒருவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இருக்க, அவருடைய குறையைப் பெயராக்கி அழைப்பதை நிறுத்துவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முடிவு எடுத்தல்: அன்பு மிகுந்த வீடுகளிலேயே நிகழும் பிழை இது. என்ன உடுப்பது, எங்கே போவது, யாரோடு பழகுவது, கலியாணம் செய்வதா இல்லையா எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானிப்பார்கள். வீட்டுக்கு வருபவரும் சக்கர நாற்காலியில் இருக்கும் முப்பது வயதுக்காரரிடம் கேட்காமல் அவருடைய தாயிடம், "தம்பி தேத்தண்ணி குடிப்பாரோ?" என்று கேட்பார். அவரிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். கேட்கப்படுவது மனிதருக்குரிய மதிப்பு.

தாங்குவோர்: பராமரிப்பு முழுவதும் ஒரு தாயின் தலையில், அல்லது ஒரு மருமகளின் தலையில் விழுகிறது. அவளைத் "தெய்வம்" என்று புகழ்ந்துவிட்டு நாம் கலைந்துபோகிறோம். புகழ்ச்சி அவளுக்கு ஒரு மணிநேர நித்திரையைக் கொடுக்காது. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிநேரம் அந்த வீட்டுக்குப் போய் இருந்து, அவளைச் சந்தைக்கோ கோயிலுக்கோ அனுப்புவது பெரிய தொண்டு.

எமது இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர்கள் என்று இருவர் இருந்தனர். முதுசூரியர், இளஞ்சூரியர் என்பது அவர்கள் பெயர். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் கால் இல்லாதவரைத் தோளில் சுமந்தார். தோளில் இருந்தவர் வழிகாட்டினார். ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பாடியவை. அந்த இருவரில் உதவி செய்தவர் யார், உதவி பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? நாம் எல்லோரும் குழந்தையாய் இருந்தபோது சுமக்கப்பட்டோம். முதுமையில் மீண்டும் சுமக்கப்படுவோம். இடையில் சில காலம் சுமப்பவராய் இருக்கிறோம். அதை வைத்து இறுமாப்பதற்கு ஒன்றுமில்லை.

4. பூட்டி வைத்தலும் திறந்து விடலும்

2001 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆம் திகதி தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தாரே. தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி வந்தவர்கள் அவர்களுள் பல சமயத்தாரும் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி காட்டப்படாதவர்கள், களைத்துப்போனவர்கள், ஊர் வாய்க்குப் பயந்தவர்கள். வீட்டு அறமும் நாட்டுக் கொள்கையும் ஒன்றாகத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி.

நாம் வாழும் இத்தாலி வேறொரு வழியை எடுத்தது. 1978 மே 13 ஆம் திகதிய 180 ஆம் இலக்கச் சட்டம், வைத்தியர் பிராங்கோ பசாலியாவின் பெயரால் அறியப்படுவது, பெரிய மனநோய் மருத்துவமனைகளை மூடி ஊருக்குள்ளேயே சிகிச்சை தரும் முறையைத் தொடக்கியது. அதற்கு முந்திய ஆண்டு, 1977 இன் 517 ஆம் இலக்கச் சட்டம், குறையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளை ஒழித்து, அவர்களை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருத்தி, துணை ஆசிரியரை நியமித்தது. 1987 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வுரிமை உயர்நிலைப் பாடசாலைக்கும் உண்டெனத் தீர்த்தது.

இம்முறையில் குறைகளும் உண்டு. மருத்துவமனைகளை மூடியபின் ஊர்ச் சேவைகள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளரவில்லை. பாரம் குடும்பங்களின்மேல் விழுந்தது. துணை ஆசிரியர் ஆண்டுக்காண்டு மாறுவதும் பல பெற்றோர் சொல்லும் குறை. ஆனாலும் அடிப்படை சரியானது: பூட்டி வைப்பது சிகிச்சை அன்று, ஒதுக்கி வைப்பது கல்வி அன்று. சில பெற்றோர், "பிள்ளைக்குத் துணை ஆசிரியர் என்றால் மானக்கேடு" என்று மறுக்கிறார்கள். துணை ஆசிரியர் தண்டியடிகளின் கயிறு. அதைப் பிடுங்குகிறவர் நாமாக இருக்கவேண்டாம்.

5. இந்நாட்டுச் சட்டமும் நாமும்

எமது அடியார்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1980 இன் 18 ஆம் இலக்கச் சட்டப்படி, பிறர் துணையின்றி நடமாடவோ நாளாந்தக் கருமங்களைச் செய்யவோ இயலாதவருக்குத் துணைக்கொடுப்பனவு உண்டு. இது வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதன்று. 1990 இன் 289 ஆம் இலக்கச் சட்டப்படி, பாடசாலைக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ போகும் குறையுள்ள சிறுவருக்கும் ஒரு கொடுப்பனவு உண்டு. இதற்கு வருமான எல்லை பார்க்கப்படும். 1992 பெப்ரவரி 5 ஆம் திகதிய 104 ஆம் இலக்கச் சட்டப்படி, கடுமையான குறையுள்ள உறவினரைப் பார்க்கும் தொழிலாளிக்கு மாதம் மூன்று நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. 2022 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட உறவினர் அந்த நாட்களைப் பகிர்ந்துகொள்ளலாம். 2004 இன் 6 ஆம் இலக்கச் சட்டப்படி, தம் கருமங்களைத் தனியே பார்க்க இயலாதவருக்கு நீதிபதி ஒரு துணை நிர்வாகியை நியமிக்கலாம். நீதிபதி குறிப்பிட்ட கருமங்களில் மட்டுமே அவர் துணை நிற்பார், மற்றவற்றில் அந்த ஆளின் உரிமை அவரிடமே இருக்கும். 2016 இன் 112 ஆம் இலக்கச் சட்டம் "எமக்குப் பின்" என்ற பெயரால் அறியப்படுகிறது. பெற்றோர் இறந்தபின் பிள்ளைக்கு யார் என்ற கேள்வி தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்தப் பெயரே காட்டுகிறது.

பலேர்மோவின் பழைய நகரில் லிப்ற் இல்லாத மாடிகளில் எம்மவர் பலர் குடியிருக்கிறார்கள். 1989 இன் 13 ஆம் இலக்கச் சட்டப்படி, கட்டட உரிமையாளர் கூட்டம் மறுத்தாலோ மூன்று மாதத்துள் முடிவு சொல்லாவிட்டாலோ, குறையுள்ளவர் தம் செலவில் படியேற்றும் கருவியைப் பொருத்திக்கொள்ளலாம்.

"நாங்கள் வெளிநாட்டார், எமக்குக் கிடைக்காது" என்று பலர் விண்ணப்பமே செய்வதில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2000 ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இக்கொடுப்பனவுகளை நீண்டகால வதிவிட அட்டை உள்ள வெளிநாட்டாருக்கு மட்டும் என்று குறுக்கியது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2008, 2009, 2010, 2013 ஆண்டுகளில் தந்த தீர்ப்புகளால் அந்தத் தடையைப் பகுதி பகுதியாக நீக்கியது. சட்டப்படி இங்கு வதிபவரை, குறை ஒன்றாக இருக்க, கடவுச்சீட்டைப் பார்த்துப் பிரிப்பது நீதியன்று என்பதே அதன் சாரம். ஆகவே விண்ணப்பியுங்கள். முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள். பின்னர் இலவசமாக உதவும் ஒரு பத்ரொனாத்தோ காரியாலயத்துக்குப் போங்கள். 2024 இன் சட்ட ஆணை இந்தப் பரிசோதனை முறையை மாற்றிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது; ஆதலால் பழைய முறையைக் கேட்டு நடக்காமல் நேரில் விசாரியுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாயின் நோயைப் பிள்ளையின் வாயால் வைத்தியருக்குச் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்குச் சுமக்க முடியாத பாரம். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். எமது தாய்மார், சகோதரிகள் பலர் இந்நகரத்து வீடுகளில் வேலை செய்கிறார்கள். இத்தாலிய முதியவரைக் குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலியைத் தள்ளுவது, மருந்து கொடுப்பது அவர்கள் கைகளே. ஆனால் மேலே சொன்ன மாதம் மூன்று நாள் விடுமுறை வீட்டுப் பணியாளருக்கு இல்லை. அதாவது, மற்றவர் பெற்றோரைப் பார்ப்பவளுக்குத் தன் பிள்ளையைப் பார்க்க அந்தச் சட்டத்தில் நாள் ஒதுக்கப்படவில்லை. இது தனிப்பட்ட ஒரு வீட்டுக்காரரின் குற்றமன்று, கொள்கையில் உள்ள ஓட்டை. இதைத் தொழிற்சங்கங்களிடமும் வாக்குக் கேட்டு வருவோரிடமும் எடுத்துச் சொல்லும் உரிமை எமக்கு உண்டு.

சொல்வதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு எமது நகரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில், மிகக் கடுமையான குறையுள்ளவர்கள் இருபத்துநான்கு மணிநேர உதவி கேட்டுப் பலேர்மோவில் குரல் எழுப்பினர். பிராந்தியத் தலைமையகமான பலாற்சோ தொர்லேயனுக்கே சென்று, அப்போதைய தலைவர் ரொசாரியோ குரொச்செற்றாவிடம் நேரில் கேட்டனர். பலேர்மோவின் திரைப்பட இயக்குநர் பிப் அவர்களோடு நின்றார். சமூகநலப் பொறுப்பாளர் பதவி விலகினார். அவ்வாண்டே மிகக் கடுமையான குறையுள்ளோருக்குச் சிசிலிப் பிராந்தியம் மாதம் 1500 யூரோ என்று தொடங்கிய கொடுப்பனவு வந்தது. பணமாகக் கொடுப்பதா, சேவையாகக் கொடுப்பதா என்ற விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது. அது நியாயமான விவாதமே. நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் இரக்கம் கேட்டுப் போகவில்லை, உரிமை கேட்டுப் போனார்கள் என்பதே.

6. தாயகத்தை நோக்கி

போர் எமது மண்ணில் ஆயிரக்கணக்கானோரின் கையையும் காலையும் கண்ணையும் எடுத்தது. 1987 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்து வருகிறது. அந்தக் கால் 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் சேர்ந்து ஆக்கியது. வெறுங்காலால் நடக்கவும், சப்பணமிட்டு இருக்கவும், வயல் சேற்றில் இறங்கவும் ஏற்றது. எம்மவர் வாழ்க்கைக்குப் பொருந்தும் கால் அது. கைதடி நவீல்ட் பாடசாலை கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கும், சுன்னாகம் வாழ்வகம் பார்வையற்றோருக்கும் செய்துவரும் பணி நாம் அறிந்ததே. தமிழ்நாட்டின் ஆய்க்குடியில், தாமே கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று பெரும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அதை நடத்துபவர் உதவி பெறுபவராக இருக்கவேண்டியவர் என்றே ஊர் ஒரு காலத்தில் எண்ணியிருக்கும்.

இலங்கையில் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகிறது. சட்டம் இருப்பது ஒன்று, அது பஸ் வண்டியின் படிவரை வருவது வேறொன்று. ஊருக்குக் காசு அனுப்பும்போது நாம் கோபுரத்துக்கு அனுப்புகிறோம், மண்டபத்துக்கு அனுப்புகிறோம். அந்த மண்டபத்துக்குச் சாய்பாதை உண்டா என்று ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்புவோம்.

7. கோயிலில்

இறுதியாக எமது கோயிலுக்கு வருவோம். கீழ்வருவன எல்லாம் எம்மால் இயலக்கூடியவை.

வாசற்படியில் சாய்பாதை வைத்தல். இந்நாட்டு விதிப்படி அதன் சரிவு நூற்றுக்கு 8 ஐத் தாண்டக்கூடாது. இல்லையேல் தள்ளுபவருக்கும் ஆபத்து. சக்கர நாற்காலியின் சில்லு தெருவில் உருண்டு வந்ததென்று தயங்குவோர் உண்டு. வாசலில் ஈரத்துணியால் துடைத்தால் அது முடிந்தது. நாம் கால் கழுவிக்கொண்டு வருவதும் இதுவே. பூசை நேரத்தில் சன்னிதிக்கு முன் நாற்காலிகளுக்கு இடம் விடுதல். அவர்களை ஓரத்தில் இருத்தி முன்னால் நாம் எழுந்து நின்று மறைக்காதிருத்தல். தீபத்தைப் பார்க்க முடியாதவருக்கு, அவர் விரும்பினால், இப்பொழுது என்ன நடக்கிறது என்று மெல்லச் சொல்லுதல். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்காகக் கிழமையில் ஒரு நாள் மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாத அமைதியான பூசை நடத்துதல். அன்னதானத்தில் வரிசையில் நிற்க இயலாதவரிடம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களிடமும் தொண்டு கேட்டல். மாலை கட்டலாம், தேவாரம் ஓதலாம், கணக்கு எழுதலாம். வாங்குபவராக மட்டும் ஒருவரை வைத்திருப்பது அவரைச் சிறிதாக்குவது.

பெல்லெகிரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா ஆலயத்துக்கு எம்மவர் நேர்த்தி வைத்துக் கால்நடையாக ஏறுவது இந்நகரம் அறிந்தது. பிள்ளையின் குறை நீங்க நேர்த்தி வைப்பதில் பிழையில்லை. ஆனால் நேர்த்தி சிகிச்சைக்கு மாற்றாகிவிடக்கூடாது. நேர்த்தி பலிக்கவில்லை என்று பிள்ளையை நம்பிக்கைத் தோல்வியாகப் பார்ப்பதும் கூடாது. மலைக்கு வாகனப் பாதையும் உண்டு. அந்தப் பிள்ளைக்காக நாம் ஏறும்போது, அந்தப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக வழி செய்வோம். போகச் சம்மதமா என்று முதலில் அவரிடம் கேட்போம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

வாசகர்கள் வீட்டிலும், எமது ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் மாணவரோடும் இவற்றைக் கலந்து பேசலாம்.

அ. தண்டியடிகளின் கயிறு போல, உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு உதவும் எளிய ஏற்பாடு எது? அதை இப்பொழுது தடுத்துக்கொண்டிருப்பது எது?

ஆ. பிராரத்தம், ஆகாமியம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவருக்கு விளங்கும்படி ஓர் உதாரணத்தால் சொல்லுங்கள்.

இ. உங்கள் வீட்டிலோ உறவிலோ உள்ள மாற்றுத்திறனாளி ஒருவர் கடைசியாக எப்பொழுது கோயிலுக்கு வந்தார்? வராவிட்டால், ஏன் என்று அவரிடமே கேட்டீர்களா?

ஈ. பராமரிக்கும் ஒரு தாய்க்கு மாதத்தில் எத்தனை மணிநேரத்தை உங்கள் குடும்பம் கொடுக்க முடியும்?

வினா ஈ இற்கு விடை எழுதுபவர்கள், பெயரையும் வரக்கூடிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கோயிற் காரியாலயத்தில் கொடுத்தால், உதவி வேண்டும் குடும்பங்களோடு அவர்களைத் தொடர்புபடுத்தி வைப்போம். உதவி வேண்டுவோரும் கூச்சப்படாமல் எமக்கு அறியத் தரலாம். சொல்லப்படுவது எம்மோடு இருக்கும்.

ஆரூர்க் குளத்தில் ஒருவர் தனியே கம்பு நட்டுக் கயிறு கட்டவேண்டி இருந்தது. பலேர்மோவில் நாம் பலர் இருக்கிறோம்.

திருச்சிற்றம்பலம்.